5 மீட்டர் ஒயர் வெச்ச தண்ணி தெர்மாமீட்டர்: நம்ம குட்டை ஜிலேபிக்கும் டெக்சாஸ் கிராப்பிக்கும் ஒட்டுக்கா பாத்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேனுங்க, இது மீன் புடிக்கறவங்களுக்குன்னு செஞ்ச சாமான் கிடையாது. ஃபிரிட்ஜுக்குள்ள, கோழிக்குஞ்சு பொரிக்கற இன்குபேட்டருக்குள்ள எல்லாம் சொருகி வெச்சிருப்பாங்களே, சின்ன கறுப்பு டப்பா, அதுல ஒரு டிஸ்ப்ளே, அதுலருந்து ஒரு ஒயரு, ஒயரு நுனியில ஒரு சென்சார், அதேதான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கறவங்களுக்கு இது பழைய பண்டம், நம்ம ஊருல ஈமு வளத்தவங்க வீட்டு அட்டாலியில தேடுனாக்கூட ஒண்ணு ரெண்டு கெடைக்கும் (ஈமு கதைய இப்ப கெளற வேண்டாம் உடுங்க). நான் வாங்குனது 5 மீட்டர் ஒயர் வெச்சது. 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர்லயும் வருது, வெலை வித்தியாசம் சும்மா கொஞ்சந்தான். கம்பெனி பேருன்னு ஒண்ணும் பெருசா இல்ல, சீனா மாலு, பத்து பேரு பத்து ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க, உள்ள இருக்கறது எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஷிப்பிங்கோட சேத்து ஐநூறு ரூவாய்க்குள்ள ஆச்சு.

எதுக்கு வாங்குனேன்னா, நமக்கு கோபி பக்கம் தோட்டத்துல ஒரு பண்ணைக்குட்டை இருக்குது, அதுல கட்லா ரோகு உட்டிருக்கறேன், உடாத ஜிலேபி மீனும் (திலாப்பியா) தானா வந்து சேந்துருச்சு. அதுவுமில்லாம அக்கா பையன் டல்லாஸ்ல இருக்கறான், வேலை ஐடி, மீதி நேரம் முச்சூடும் தூண்டிலு. மாசி மாசம் ஆச்சுன்னா போன் போட்டு "மாமா, தண்ணி 14 ஆயிருச்சு", "மாமா, இன்னைக்கு 16"னு டிகிரி கணக்கா பேசுவான், கேக்கறவங்களுக்கு யாரோ காய்ச்சல்ல படுத்துட்டாங்கன்னு தோணும். அவன் சொல்றது கிராப்பிங்கற மீனப் பத்தி. அக்கா அமெரிக்கா போறப்ப பெட்டியில இந்த தெர்மாமீட்டர் ஒண்ணப் போட்டு அவனுக்கும் தாட்டி உட்டேன். அதனால இந்த ரிவ்யூ ரெண்டு நாட்டுத் தண்ணியிலயும் பாத்து எழுதறதுங்க, நம்ம சூட்டுலயும் சரி, அவன் ஊரு குளுருலயும் சரி.

மொதல்ல சரியா காட்டுதான்னு பாத்துரலாம். அட்டையில ஒரு டிகிரி முன்னப்பின்ன இருக்கும்னு போட்டிருக்குது, அது நெசந்தான், ஆனா அதையும் குறைச்சுக்கலாம். ஒரு சொம்புல ஐஸ நல்லா நொறுக்கிப் போட்டு, இடுக்கெல்லாம் ரொம்பற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, கலக்கி உட்டுட்டு சென்சார நடுவுல வெச்சு சித்த நேரம் உடுங்க. 0 காட்டோணும். என்னோடது 0.4 காட்டுச்சு, அவனோடது மைனஸ் 0.2. அப்புறம் வீட்டுல காய்ச்சல் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குமுங்களே, அது 35லருந்து 42 வரைக்கும் ரொம்பத் துல்லியமா இருக்கும், வெதுவெதுன்னு தண்ணி வெச்சு ரெண்டையும் ஒண்ணா முக்குனா மேல்பக்கமும் தெரிஞ்சு போயிரும். அதுலயும் எனக்கு அரை டிகிரி எச்சாத்தான் காட்டுச்சு, அப்ப எப்பவும் அரை டிகிரி கழிச்சுக்கிட்டா போதும். ஐநூறு ரூவா சாமான் எல்லா இடத்துலயும் ஒரே அளவு தப்பா காட்டுனா அது தப்பே இல்லீங்க, மாத்தி மாத்தி காட்டுனாத்தான் வம்பு.

டிஸ்ப்ளே நொடிக்கு நொடி மாறாது, சில நொடிக்கு ஒருக்காதான் நம்பர் புதுசாகும். சென்சாருக்கு மேல பிளாஸ்டிக்கோ மெட்டலோ ஒரு தொப்பி இருக்கறதால அதுவும் சூடாகி ஆறி வரணும், ஆக தண்ணியில உட்டுட்டு ரெண்டு மூணு நிமிசம் பொறுத்துப் பாக்கோணும். அவசரக்காரங்க இத வாங்க வேண்டாம்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வரேன், ஏன் 5 மீட்டர். தண்ணி சூட்டுல மேல் தண்ணி பொய் சொல்லுமுங்க. மத்தியானம் மூணு மணிக்கு நம்ம குட்டையில மேலாக்க வெச்சா 30க்கு மேல காட்டும், அதே இடத்துல அஞ்சடி கீழ உட்டா 27. வெடியால பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், ஏன்னா ராத்திரி மேல் தண்ணி ஆறி கனமாகி கீழ எறங்கி கலந்துருது. மீனு இருக்கறது மேல அரை அடியில இல்லீங்களே. துப்பாக்கி மாதிரி நீட்டிப் புடிக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கொரோனா காலத்துல எல்லாரு வீட்டுலயும் வாங்கி வெச்சாங்க, அதத் தண்ணிக்கு நீட்டுனா மேல்தோலு மாதிரி இருக்கற மெல்லிசு படலத்த மட்டும்தான் காட்டும், காத்தடிச்சா கூட மாறும். அட, பல ஆயிரம் குடுத்து வாங்கற, தண்ணிக்கடியில மீனு எங்க இருக்குதுன்னு காட்டற ஃபிஷ் ஃபைண்டர்லயும் டெம்பரேச்சர் சென்சாரு படகுக்கு அடியிலயோ மெதக்கற உருண்டையிலயோதான் இருக்குது, அதுவும் மேல் தண்ணியத்தான் காட்டுது. அக்கா பையன் ஃபிரண்டு ஒருத்தன் அப்பிடி ஒண்ணு வெச்சுக்கிட்டு "18 வந்துருச்சு, 18 வந்துருச்சு"ன்னு குதிச்சிருக்கறான், இவன் நம்ம ஒயர நாலடி உட்டுப் பாத்தா 15. மீனு ஒண்ணும் வரல.

கிராப்பி என்ன மீனுன்னு கேக்கறவங்களுக்கு. வட அமெரிக்காவோட சொந்த மீனு, ஏரி, டேமு, மெதுவா ஓடற ஆறுல இருக்கும், வெள்ளை கிராப்பி கறுப்பு கிராப்பின்னு ரெண்டு வகை. தட்டையா, வெள்ளி நெறத்துல கறுப்புப் புள்ளியோட இருக்கும், வாயி சவ்வு மாதிரி மெல்லிசு, வெடுக்குன்னு இழுத்தா கிழிஞ்சு ஓடிப் போயிரும். அரைக் கிலோ வந்தாலே அங்க போட்டோ புடிச்சு அனுப்பறாங்க. வெள்ளை கிராப்பியில தூண்டில்ல புடிச்ச உலக ரெக்கார்டே 5 பவுண்டு 3 அவுன்ஸ்தான், 1957ல மிசிசிப்பி மாநிலம் ஈனிட் டேம்ல புடிச்சது, அதாவது ரெண்டேகால் கிலோவத் தாண்டி கொஞ்சம். கறுப்புல 2018ல டென்னசியில புடிச்சது ரெண்டரைக் கிலோவுக்கு ஒரு மயிரிழை கம்மி. நம்ம குட்டை கட்லா கேட்டா சிரிக்கும். ஆனா சுவை தனின்னு சொல்றான், வறுத்துத் திங்க அதவிட்டா ஆளில்லையாம்.

இந்த மீனு வருசத்துல பெரும்பகுதி ஆழத்துல கூட்டமா எங்கயோ நிக்கும், படகில்லாதவனுக்கு கைக்கு எட்டாது. வசந்த காலத்துல முட்டை போடத்தான் கரைப்பக்கம் வருது. எப்ப வரும்கறத காலண்டரு சொல்லாது, தண்ணி சொல்லும். அவன் கணக்கு ஃபாரன்ஹீட்ல, நான் செல்சியஸ்ல மாத்திச் சொல்றேன். 10 டிகிரிக்குக் கீழ இருந்தா ஆழத்துல மந்தமா நிக்கும். 10ல இருந்து 13க்குள்ள வந்தா முட்டை போடற இடத்துக்குப் பக்கத்துல, கொஞ்சம் ஆழமான ஓரத்துல வந்து கூடும். 15, 16 ஆனதும் மொதல்ல ஆம்பள மீனு கரைக்கு வந்து இடம் புடிக்குது, ஒண்ணு ரெண்டு அடியிலருந்து ஆறடி ஆழம் வரைக்கும், வேரு, செத்த மரம், நாணல் மாதிரி மறைவுக்குப் பக்கத்துல. துடுப்பால அடி மண்ண வீசி வீசி சுத்தம் பண்ணும். 18லருந்து 20க்குள்ள இருக்கறப்பத்தான் முட்டை போடறது மும்முரம். அந்த நேரத்துல ஆண் மீனு, குறிப்பா வெள்ளை கிராப்பி ஆணு, தலையும் நெஞ்சும் கருகருன்னு ஆயிருமாம். பொட்ட மீனு முட்டைய உட்டுட்டு ஆழத்துக்குப் போயிரும், காவல் முச்சூடும் அப்பந்தான். முட்டை ஆயிரக்கணக்குல, பெரிய பொட்டையா இருந்தா லச்சத்தையும் தாண்டும். ரெண்டுலருந்து அஞ்சு நாளுக்குள்ள பொரியும், தண்ணி குளுந்தா நாளு இழுக்கும், சூடா இருந்தா சீக்கிரம்.

ஏன் இந்த டிகிரியப் புடிச்சுத் தொங்குதுன்னா, மீனுக்கு ஒடம்புச் சூடுன்னு தனியா இல்லீங்க, தண்ணி என்னவோ அதுதான் அதுக்கு. வயித்துல முட்டை பழுக்கறது, வெளிய வந்த முட்டை பொரியறது, பொரிஞ்ச குஞ்சுக்குத் திங்க தண்ணியில நுண்ணுயிரு பெருகறது, எல்லாமே சூட்டோட கைகோத்துத்தான் போகுது. ரொம்பக் குளுருல போட்டா முட்டை பொரிய நாளாகும், அதுக்குள்ள பூசணம் புடிச்சிரும். பகல் நேரம் நீளறதும் ஒரு காரணம், ஒடம்பத் தயார் பண்றது அதுதான், கடைசியா சாவிய திருப்பறது தண்ணிச் சூடு.

இதுல ஒரு நுணுக்கம் அவன் சொன்னது, நம்ம தெர்மாமீட்டர் அங்கதான் காசுக்கு வேலை செஞ்சிருக்குது. ஒரு நாள் வெயில்ல 18 தொட்டா பத்தாதாம், ராத்திரியும் அது தாங்கோணும், நாலஞ்சு நாளு நிலையா ஏறிக்கிட்டே வரோணும். நடுவுல வடக்கத்திக் குளுர்காத்து ஒண்ணு வந்துச்சுன்னா ரெண்டு மூணு டிகிரி சட்டுன்னு எறங்கி, கரைக்கு வந்த மீனெல்லாம் மறுபடி ஆழத்துக்கு ஓடிரும். அதனால சாயங்காலம் ஒருக்கா, வெடியால ஒருக்கா, ஒரே இடத்துல ஒரே ஆழத்துல பாக்கோணும். அவன் லூயிஸ்வில் ஏரிக்கரையில அதத்தான் பண்றான், ரெண்டு ரீடிங்கும் வித்தியாசம் கம்மியா இருந்தா லீவு போடுவான். ஏரியோட வடக்குக் கரை மூலைக பக்கம் சீக்கிரம் சூடேறுமாம், அங்க சூரியன் தெற்கால சாஞ்சு அடிக்கறதால அந்தக் கரைக்கு வெயிலு நேரா உழும், வடக்குக் காத்தும் மேல படாது. ஒரே ஏரியில வடக்கு மூலைக்கும் தெக்கு மூலைக்கும் ரெண்டு டிகிரி வித்தியாசம் இந்த டப்பா காட்டியிருக்குது. தண்ணி கலங்கலா இருந்தா மீனு கரைக்கு இன்னும் ஒட்டி வரும், தெளிவா இருந்தா ஆழத்துல போடும், அதத் தெர்மாமீட்டர் சொல்லாது, கண்ணுதான் சொல்லோணும்.

ஊருக்கு ஊரு மாறுதுங்க. ஃபுளோரிடாவுல ஜனவரி கடைசி பிப்ரவரியிலயே ஆரம்பிச்சிரும், டெக்சாஸ் வடக்குல மார்ச்சு ஏப்ரலு, டென்னசி கென்டக்கி பக்கம் ஏப்ரலு மே, மேல மினசோட்டா போனா மே கடைசி ஜூன் ஆயிரும். அதே மீனு, அதே டிகிரி, மாசந்தான் வேற. அங்க இதுக்கு சட்டமும் கறாரா இருக்குது, டெக்சாஸ்ல பொதுவா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராப்பிதான், 10 இஞ்சுக்குக் கம்மியா இருந்தா உட்டுறோணும். முட்டை போடற நேரத்துல புடிக்கலாமான்னு நான் கேட்டேன், அளவோட புடிச்சா ஏரி தாங்கும்னான். எனக்கு முழுசா மனசு ஒப்பல, காவல் காக்கற ஆண் மீன தூக்கிட்டா முட்டைய மத்த மீனுக தின்னுரும், அது அவங்க ஊரு அவங்க கணக்கு.

சரி நம்ம ஊருக்கு வரலாம். 18 டிகிரிய நம்ம குட்டையில பாக்கணும்னா ஊட்டி மலையேறோணும். மார்கழிப் பனியில வெடியால கை நனைக்க முடியாத அளவுக்கு இருக்கறப்பக்கூட நம்ம தண்ணி 22, 23தான் காட்டுது. மாசி பங்குனியில அவன் அங்க 16 வந்துருச்சுன்னு துள்ளறப்ப இங்க 28 தாண்டிருது. அப்பறம் இந்த தெர்மாமீட்டரு நமக்கு எதுக்குங்கறீங்களா, ஜிலேபிக்கு.

ஜிலேபிய 1952ல இந்தியாவுக்குக் கொண்டாந்தாங்க, ஆப்பிரிக்கா மீனு. நம்ம அமராவதி டேம்ல அது புடிச்ச இடம் எல்லாருக்கும் தெரியும், உடுமலை பக்கம் ஜிலேபின்னா அமராவதிதான். இது தண்ணி 20, 22க்கு மேல இருந்தா முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். நம்ம ஊருல அந்தளவுக்குக் கீழ எறங்கறதே அபூர்வங்கறதால வருசம் முச்சூடும் குஞ்சு, குட்டை முச்சூடும் பொடி மீனு, ஒண்ணும் பெருக்காது. கிராப்பிக்கு வசந்தம்னு ஒரு வாசல் தெறக்குது, ஜிலேபிக்கு வாசலே கிடையாது.

மத்தியானத்துக்கு முன்னால, தண்ணி தெளிஞ்சு இருக்கறப்ப குட்டைக் கரையில நின்னு பாருங்க. ரெண்டடி ஆழத்துல சோத்துத் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமா குழி இருக்கும், ஓரம் வரப்பு மாதிரி மேடு கட்டி, நடுவுல மண்ணு வெளுத்து, ஒரு பாசி ஒரு குச்சி இருக்காது. ஒவ்வொரு குழி மேலயும் ஒரு ஆண் ஜிலேபி, ஒடம்பெல்லாம் மசி பூசுன கறுப்பு, கழுத்துக்குக் கீழ மட்டும் வெள்ளை, வாலுத் துடுப்பு ஓரத்துல செவப்பு. பக்கத்துக் குழிக்காரன் எல்லையில வந்தா வாயத் தெறந்துக்கிட்டு மோதும், வாயோட வாய வெச்சுத் தள்ளும், ஒருத்தன் பின்வாங்குனதும் மறுபடி குழிக்கு வந்து வாயில மண்ண அள்ளி வெளிய துப்பும். பொட்ட வந்து குழியில முட்டைய உட்ட கையோட அதே முட்டைய வாயில அள்ளிக்கிட்டுப் போயிருது. குஞ்சு பொரிஞ்சு, நீந்தற வரைக்கும் வாயிதான் தொட்டிலு, ரெண்டு வாரத்துக்கு அந்தப் பொட்ட சரியாத் திங்காது. கிராப்பியில அப்பன் காவலு, ஜிலேபியில அம்மா காவலு, குழி தோண்டற கறுப்பு ஆம்பள மட்டும் ரெண்டுலயும் ஒண்ணு. போட்டோவ அக்கா பையனுக்கு அனுப்புனா "இது என்ன மாமா, நம்ம கிராப்பி மாதிரியே இருக்குது"ன்னான்.

ஒயர அந்தக் குழிக்குள்ளயே உட்டுப் பாத்தேன், 26. அதே நேரம் குட்டை நடுவுல அடியில 24. சூடான ஓரத்தத் தேடித்தான் குழி எடுக்குதுன்னு கண்ணால பாத்தாச்சு. மார்கழியில மேக்கால கரை நெழல்ல குழி ஒண்ணுமே இல்ல, வெயிலு உழற பக்கம் மட்டும் இருந்துச்சு. தூண்டில் போடறவங்களுக்கு இதுக்கு மேல துப்பு வேணுங்களா.

ஆனா எல்லா மீனும் டிகிரிக்கு ஆடாது, அதையும் சொல்லிரோணும். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் குட்டையில எத்தனை சூடு இருந்தாலும் முட்டை போடாது, அதுகளுக்கு மழைக்காலத்துல ஆத்துல புது வெள்ளம் ஓடோணும். அதனாலதான் பண்ணையில ஹார்மோன் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில தண்ணிய சுத்த உட்டு குஞ்சு எடுக்கறாங்க. சாதா கெண்டை வேற ரகம், அது தேங்கின தண்ணியிலயே தை மாசிக் குளுருல செடி மேல ஒட்டற மாதிரி முட்டை போட்டுரும், வேலம்பாசியப் போட்டு வெச்சா அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். விராலு மழையோட மழையா போடும், போட்டுட்டு அப்பனும் ஆத்தாளும் குஞ்சுக்கூட்டத்துக்கு அடியில காவலு நிக்கும். தெர்மாமீட்டர வாங்குனதும் எல்லாம் தெரிஞ்சிரும்னு நெனச்சு வாங்காதீங்க.

எனக்கு இந்த சாமான் காச மீட்டுக் குடுத்தது வேற எடத்துல. மீன் குஞ்சு வாங்கி வரமுங்களே, ஆக்சிஜன் அடிச்ச பாலிதீன் பையில. வண்டியில வர்றப்ப பைத்தண்ணி ஒரு சூடு, குட்டைத்தண்ணி ஒரு சூடு. அப்பிடியே கவுத்து உட்டா அதிர்ச்சியில பாதி செத்து மெதக்கும், பண்ணைக்காரன் மேல பழி போடுவாங்க. பைய பிரிக்காம குட்டையில மெதக்க உட்டு, வெளிய குட்டைத் தண்ணியில ஒருக்கா பாத்துட்டு, பை வாய அவுத்து சென்சார உள்ள உட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒரு டிகிரிக்குள்ள வர்ற வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா குட்டைத் தண்ணிய பைக்குள்ள ஊத்தோணும். கால் மணி, இருபது நிமிசம்னு வாயால சொல்றது எல்லாம் உத்தேசம், இதுல கண்ணுக்கு முன்னால நம்பரு இருக்குது. வெடியாலயோ பொழுதோடயோ உட்டா வித்தியாசமே கம்மியாத்தான் இருக்கும்.

சித்திரை வெயில்லயும் உதவுது. தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்சிஜன் கொறையும், 20 டிகிரியில ஒரு லிட்டருல 9 மில்லிகிராம் தாங்கற தண்ணி 30ல ஏழரைதான் தாங்கும். அடித்தண்ணியே 31 காட்டுச்சுன்னா அன்னைக்கு தீனிய கொறச்சுட்டு வெடியால மோட்டரப் போட்டு தண்ணிய மேலருந்து கொட்ட உடறேன். கெணத்துத் தண்ணி வருசம் முச்சூடும் பெருசா மாறாது, அதனால வெயில் காலத்துல அது குட்டைக்கு நல்ல மருந்து.

கொறையும் சொல்லோணும். டப்பா தண்ணிக்குத் தாங்காது, சென்சாரு மட்டுந்தான் முங்கலாம். நான் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள்ள வெச்சு மூடியில ஓட்டை போட்டு ஒயர உட்டு எம்சீல் வெச்சிட்டேன். மொதல்ல வந்த பீஸ்ல சென்சாருத் தொப்பியில சீலே சரியில்ல, தண்ணி உள்ள பூந்து நம்பரு கண்டபடி ஓடுச்சு, அந்த ஆன்லைன் கடைக்காரங்க ரிட்டர்ன் எடுக்க இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்து, தெனம் ஒரு புது ஆளு சாட்ல வந்து ஆதியிலருந்து கதை கேட்டு, ரெம்பவே சலிப்பாயிருச்சு. கடைசியா மாத்திக் குடுத்தாங்க. வந்ததும் தொப்பி சேர்ற எடத்துல ஃபெவிகுயிக் வேண்டாம், சிலிக்கான் தடவி ஒரு நாளு காய உடுங்க.

ஒயரு லேசு, தண்ணியில மெதந்து பக்கவாட்டுல போயிரும். சென்சாருக்கு ஒரு சாண் மேல ஒரு இரும்பு நட்ட டேக் போட்டுக் கட்டுங்க, சென்சார் மேலயே கட்டிறாதீங்க, இரும்புச் சூடு கலந்துரும். அடிக்கு ஒரு கலரு இன்சுலேசன் டேப்பு சுத்துனா எத்தனை அடியில இருக்குதுன்னு பாத்ததும் தெரியும். ஓடற தண்ணியில இது ஆகாது, கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்கறப்ப போட்டுப் பாத்தேன், நட்டு வெச்சும் இழுத்துக்கிட்டு மேல வந்துருச்சு. ஒரு மூங்கில் குச்சியில கட்டி எறக்குனாத்தான் சரியா வரும்.

டிஸ்ப்ளேவுல வெளிச்சம் கிடையாது, ராத்திரி டார்ச்சு அடிச்சுத்தான் பாக்கோணும். ஃபாரன்ஹீட் பட்டனும் கிடையாது, டல்லாஸ்காரனுக்கு அதுதான் பெரிய கொறை, அவன் செல்சியஸ ரெண்டால பெருக்கி 30 கூட்டிக்கறானாம், 15க்கு 60, 20க்கு 70னு வரும், 20க்கு நெசத்துல 68, மீனு அத்தனை துல்லியமா பாக்காதுன்னு சொல்றான். ஆன் ஆஃப் பட்டனும் இல்ல, பட்டன் செல்ல போட்டா ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா பேட்டரி பல மாசம் வருது, அதுல கொறை சொல்ல முடியாது. உள்ள வர்ற செல்லு சொத்தை, நல்ல கம்பெனி எல்ஆர்44 ரெண்டு வாங்கிப் போட்டுக்கோங்க. செல்லு தேயறப்ப நம்பரு மங்கும், அப்பவே மாத்திருங்க.

அக்வேரியம் கடையில கெடைக்கற கண்ணாடிக் குச்சி தெர்மாமீட்டர் நூறு ரூவாய்க்கு உள்ளயே வந்துரும், தொட்டிக்கு அது போதும். ஆனா அத அஞ்சடி கீழ உட்டு மேல தூக்கறதுக்குள்ள நம்பரு மாறிரும், கல்லுல பட்டா ஒடைஞ்சும் போகும். தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர்லயும் சூடு காட்டும், அதுவும் கைய முக்கற ஆழத்துக்குத்தான். பெரிய பண்ணை வெச்சிருக்கறவங்க ஆக்சிஜன் மீட்டரே வாங்கிருங்க, அதுல டெம்பரேச்சரும் சேந்து வரும், வெலை பல ஆயிரம். ஒரு குட்டை, ஒரு தூண்டிலுன்னு இருக்கறவங்களுக்கு இதுதான் சரி. பவானிசாகர் மாதிரி டேம்ல போடறவங்க மொதல்ல அனுமதி விசாரிச்சுட்டு அப்பறம் தெர்மாமீட்டர எடுங்க.

அஞ்சுக்கு மூணே முக்கால் குடுப்பேன். அரை ஸ்டாரு தண்ணி பூந்ததுக்குப் போச்சு, அரை ஸ்டாரு வெளிச்சம் இல்லாததுக்கு, கால் ஸ்டாரு டல்லாஸ்காரன் ஃபாரன்ஹீட்டுக்காக அழுததுக்கு. வாங்கறப்ப ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஆர்டர் பக்கத்துல 1 மீட்டர்தான் மொதல்ல செலக்ட் ஆகி நிக்கும், கீழ தள்ளி 5 மீட்டர மாத்தி அப்பறம் பணம் கட்டுங்க.